பெட்டிக்குள் எதற்கு இரும்பு நட்டு?

பெரம்பூர் ஐசிஎஃப் தொழிற்சாலையில் செய்த பயணிகள் பெட்டி ஒன்று ஏறத்தாழ 39 டன் இருக்கும். ஏசி பெட்டியா, சாதாரணப் பெட்டியா என்பதைப் பொறுத்து இது கூடும், குறையும். அதை அப்படியே 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் நீளம் 24.5 சென்டிமீட்டர் வரும். எடை எவ்வளவு வரும்? வெறும் 59 கிராம். அந்த 59 கிராம் பெட்டியை ஒரு மாதிரி ரயிலின் நடுவில் கோத்து ஓட்டிப் பாருங்கள். நேர்ப்பாதையில் ஓடும். வளைவு வந்ததும் உட்பக்கமாகச் சாய்ந்து சக்கரத்தைத் தண்டவாளத்திலிருந்து தூக்கிவிடும்.

மாதிரி ரயில் ஓட்டுபவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கூரையைக் கழற்றி, தரையோடு தரையாக இரும்பு நட்டுகளையோ ஈயத் துண்டுகளையோ ஒட்டி, பெட்டியை 165 கிராமுக்குக் கொண்டுவருவார்கள். விகிதப்படி இருக்க வேண்டியதைப்போல் இது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஜன்னல் கம்பியின் இடைவெளியில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் பிரித்துத் திரும்பச் செய்கிறவர்கள் எடையில் மட்டும் இவ்வளவு தாராளமாக இருப்பது ஏன்?

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரையுள்ள பாதையை ஒரு வீட்டுக்குள் கொண்டுவர முயல்வதாக வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்குள் போகலாம். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என நடுவில் நான்கு நிலையங்கள். மொத்தம் சுமார் 37 கிலோமீட்டர். உலகில் அதிகம் புழங்கும் மாதிரி ரயில் அளவு எச்ஓ. அதன் விகிதம் 1-க்கு 87. அந்த விகிதத்தில் இந்த 37 கிலோமீட்டர் 425 மீட்டர் ஆகிறது. எந்த வீட்டுக் கூடத்திலும் அடங்காது. ஆகவே தொலைவை வெட்டத்தான் வேண்டும். பேரணிக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவிலுள்ள வயல்வெளியை ஒன்றரை மீட்டரில் முடித்துக்கொண்டு, விழுப்புரம் சந்திப்பின் நடைமேடைக்கும் தடம் மாற்றும் பாயின்ட்டுகளுக்கும் இடத்தை மிச்சம் பிடிப்பார்கள். இதைத் தேர்ந்து சுருக்குதல் எனலாம். தொலைவை இப்படிக் கத்தரிப்பது கண்ணை ஏமாற்றினால் போதும் என்ற அளவில் முடிந்துவிடுகிறது. எடையும் விசையும் அப்படி இணங்குவதில்லை.

ஒரு பொருளை 87 மடங்கு சுருக்கும்போது நீளம் 87 மடங்கு குறைகிறது. தரையின் பரப்பு நீளத்திலும் அகலத்திலும் குறைவதால் 7,569 மடங்கு சுருங்குகிறது. எடையோ கொள்ளளவைப் பொறுத்தது. நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து குறைவதால் 6,58,503 மடங்கு இறங்குகிறது. 39 டன் 59 கிராம் ஆனது இப்படித்தான். எடை இவ்வளவு வேகமாக இறங்கிப்போக, அதை எதிர்த்து நிற்கிற மற்றவை அதே வேகத்தில் இறங்குவதில்லை. இணைப்பியின் ஸ்பிரிங், அச்சுமுனையின் உராய்வு, விளக்குக்கு ஓடும் மின்கம்பியின் விறைப்பு எல்லாம் கையால் செய்யக்கூடிய அளவுக்குக் கீழே போகாது. தண்டவாள இணைப்பில் 0.2 மில்லிமீட்டர் படி இருந்தால் விரல்நுனிக்குக்கூட அது சரியாகத் தட்டுப்படாது. ஆனால் 87 மடங்கு பெருக்கினால் அது 17 மில்லிமீட்டர். நிஜப் பாதையில் அப்படியொரு படி இருந்தால் ரயிலை உடனே நிறுத்திவிடுவார்கள்.

வளைவில் இன்னொன்றும் நடக்கிறது. இன்ஜின் முன்னால் இழுக்கிறது. பின்னாலுள்ள பெட்டிகள் உராய்வால் தடுக்கின்றன. நடுவில் இருக்கும் பெட்டிகள் இந்த இரண்டுக்கும் இடையே விறைத்த கயிற்றில் மாட்டிக்கொள்கின்றன. இழுபட்ட கயிறு நேராகத்தான் நிற்கப் பார்க்கும். வளைவில் நேராவது என்றால் உட்பக்கம் சாய்வது. அதைத் தடுத்து நிறுத்துவது பெட்டியின் சொந்தக் கனம் மட்டுமே. 1935-இல் தொடங்கிய அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில்பாதைச் சங்கம் இதற்கொரு பரிந்துரை வகுத்திருக்கிறது. எச்ஓ பெட்டி எதுவானாலும் அடிப்படையாக 28 கிராம். பிறகு நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 14 கிராம். ஐசிஎஃப் பெட்டிக்கு இந்தக் கணக்குப் போட்டால்தான் 165 வருகிறது. கனத்தைக் கூரைக்கு அருகில் வைக்கக் கூடாது, தரையோடு வைக்க வேண்டும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே விதி என்பதும் முக்கியம். கனமான பெட்டிகளுக்கு முன்னால் ஒரே ஒரு லேசான பெட்டி இருந்தால் கவிழ்வது அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தது தண்டவாளத்தின் அகலம். எச்ஓ தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர் இருக்கும். 87-ஆல் பெருக்கினால் 1,435 மில்லிமீட்டர்; ஐரோப்பாவும் அமெரிக்காவும் பயன்படுத்தும் பாதை அது. நம்முடைய அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். அதைச் சுருக்கினால் 19.3 மில்லிமீட்டர் வர வேண்டும். அந்த அளவில் வேண்டுமென்றால் கட்டை கட்டையாக ஸ்லீப்பர் ஒட்டி, தண்டவாளத்தைக் கையாலேயே பதிக்க வேண்டும். அதனால் பெரும்பாலோர் 16.5 மில்லிமீட்டரிலேயே இந்திய வண்டிகளை ஓட்டுகிறார்கள். பாதை 14 சதவீதம் குறுகியிருக்கும். முன்னால் நின்று பார்த்தால் இன்ஜினின் கால்கள் சற்று ஒடுங்கியது தெரியும், பக்கவாட்டில் தெரியாது. பிரிட்டனில் இந்தப் பிசகு தலைமுறை தலைமுறையாகப் பழகிப்போன ஒன்று. அங்கே இன்ஜின்கள் சிறியவை என்பதால் அந்தக் காலத்து மோட்டார் உள்ளே நுழையவில்லை. உடலை மட்டும் 1-க்கு 76 எனப் பெருக்கி, தண்டவாளத்தை 16.5-லேயே விட்டுவிட்டார்கள். இன்றும் அங்கே அந்த அளவுதான் பெரும்பான்மை.

விழுப்புரத்துக்கு இதில் ஒரு தனிச் சலுகை உண்டு. இந்தப் பாதை நெடுங்காலம் மீட்டர் கேஜாக இருந்தது. சென்னைக் கடற்கரை – தாம்பரம் தடத்தில் 1931-இல் மின்சார ரயில் வந்தது. 1960-களில் விழுப்புரம் வரைக்கும் மேலே மின்கம்பி இழுத்து 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரம் கொடுத்தார்கள். இந்தியாவில் மீட்டர் கேஜ் பாதையில் மின்சார இன்ஜின் ஓடியது இந்தத் தடத்தில் மட்டுமே. ஜப்பானிலிருந்து வந்த அந்த இன்ஜின்களுக்கு ஒய்ஏஎம்-1 என்று பெயர்: ஒய் என்றால் மீட்டர் கேஜ், ஏ என்றால் மாறுதிசை மின்சாரம், எம் என்றால் பயணிகள் வண்டி, சரக்கு வண்டி இரண்டுக்கும் பொது. அகலப்பாதை வந்த பிறகு அவை ஓய்வு பெற்றன. ஒன்றை டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

மீட்டர் கேஜை 87-ஆல் வகுத்தால் 11.5 மில்லிமீட்டர். ஸ்விட்சர்லாந்தின் ரேட்டியன் ரயில்வே மீட்டர் கேஜில் ஓடுகிறது. அதன் மாதிரிகளுக்காக ஐரோப்பாவில் 12 மில்லிமீட்டர் தண்டவாளமும் அதில் ஓடும் அடிச்சட்டங்களும் விற்கிறார்கள். பிசகு 4 சதவீதம்தான். அதாவது இன்றைய விழுப்புரத்தைவிட 1970-களின் விழுப்புரத்தைத்தான் கடைத் தண்டவாளத்தில் உண்மைக்கு நெருக்கமாகச் செய்ய முடியும். புதிதாகத் தொடங்குகிறவர் யோசனை கேட்டால் நான் மீட்டர் கேஜைத்தான் சொல்வேன். உடலை முப்பரிமாண அச்சில் எடுத்து, ஒரு சுவிஸ் அடிச்சட்டத்தின் மேல் பொருத்தினால், இனி எந்தப் பாதையிலும் காண முடியாத ஓர் இன்ஜின் மேசைமேல் ஓடும்.

வளைவுகளை நினைத்தால் இந்த யோசனை இன்னும் வலுப்படுகிறது. இந்திய ரயில்வேயில் அகலப்பாதையின் மிகக் கூர்மையான வளைவுக்கு ஆரம் 175 மீட்டர். மீட்டர் கேஜுக்கு 109 மீட்டர். எச்ஓ அளவில் முறையே 2 மீட்டர், 1.25 மீட்டர். கடையில் தொடக்கத் தொகுப்போடு வரும் வளைவுத் துண்டின் ஆரமோ பெரும்பாலும் 44 சென்டிமீட்டருக்குள்தான். நீளமான ஐசிஎஃப் பெட்டி இதில் திரும்பும்போது அதன் வயிறு உட்பக்கமாக 8 மில்லிமீட்டர் பிதுங்கும். நிஜ அளவில் அது 70 சென்டிமீட்டருக்கு மேல்! நடைமேடை ஓரத்தில் நிற்கும் ஆளை இடித்துவிடும். இரட்டைப் பாதை போட்டால் எதிரே வரும் வண்டியோடு உரசும். அதனால்தான் மாதிரி ரயிலில் இரு தடங்களையும் வேண்டிய அளவைவிட விலக்கிப் போடுகிறார்கள்.

சரி, வளைவில் சக்கரம் எப்படித் திரும்புகிறது? ரயில் பெட்டியில் ஸ்டீயரிங் கிடையாது. ஓர் அச்சின் இரு சக்கரங்களும் ஒன்றாக இறுகப் பிணைந்தவை. வளைவில் வெளித் தண்டவாளம் நீளம், உள் தண்டவாளம் குட்டை. இரண்டு சக்கரமும் ஒரே சுற்றுச் சுற்றி வெவ்வேறு தொலைவைக் கடக்க வேண்டும். விடை சக்கரத்தின் வடிவத்தில் இருக்கிறது. அதன் ஓடுபரப்பு தட்டையானதல்ல. உட்பக்கம் பெரிதாகவும் வெளிப்பக்கம் சிறிதாகவும் லேசாகச் சரிந்த கூம்பு. அச்சு வெளிப்பக்கம் நகர்ந்தால் வெளிச்சக்கரம் தன் பெரிய விட்டத்தில் ஓடுகிறது, உட்சக்கரம் சிறிய விட்டத்தில். தானாகத் திரும்பிவிடும்.

இதை நம்ப வேண்டாம், செய்து பார்க்கலாம். இரண்டு பேப்பர் டீ கப்புகளை வாயோடு வாய் சேர்த்து டேப் ஒட்டுங்கள். நீளமான இரண்டு குச்சிகளை இணையாகச் சற்றுச் சாய்வாக வைத்து அதன்மேல் உருட்டுங்கள். எவ்வளவு கோணலாக விட்டாலும் கொஞ்சம் ஆடி, நடுவுக்கு வந்து, நேராகக் கீழே இறங்கும். இப்போது அதே கப்புகளை அடியோடு அடி சேர்த்து ஒட்டி உருட்டுங்கள். இரண்டு சுற்றுக்குள் ஒருபக்கம் ஒதுங்கி விழுந்துவிடும். வித்தியாசம் கூம்பின் திசை மட்டும்.

உட்பக்கம் துருத்தி நிற்கும் சக்கர விளிம்புதான் ரயிலைத் தடத்தில் பிடித்து வைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். நிஜ ரயிலில், நேர்ப்பாதையிலும் பரந்த வளைவிலும் வேலை செய்வது கூம்புதான். விளிம்பு கடைசிக் காவல். மாதிரி ரயிலில் இது தலைகீழாகிறது. மாதிரிச் சக்கரத்துக்கும் சுமார் 3 டிகிரி சரிவு உண்டு. ஆனால் 44 சென்டிமீட்டர் ஆர வளைவில் கூம்பு மட்டும் திருப்ப வேண்டுமென்றால் அச்சு பக்கவாட்டில் 2 மில்லிமீட்டர் நகர வேண்டும். இருக்கும் இடைவெளியோ அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆகவே விளிம்பு தண்டவாளத்தை உரசி உரசித்தான் வண்டி திரும்புகிறது. விளிம்பின் உயரத்தையும் இதற்காகவே கூட்டியிருக்கிறார்கள். நம் ரயில் சக்கரத்தின் விளிம்பு 28.5 மில்லிமீட்டர், சுருக்கினால் 0.33. மாதிரிச் சக்கரங்களின் பொதுவான தரத்தில் அது 0.64 மில்லிமீட்டர், ஏறக்குறைய இரட்டிப்பு. விழுப்புரத்தில் வண்டி வளைந்து நுழையும்போது கேட்கும் கிறீச்சொலி உரசலின் ஒலி. மாதிரி ரயில் ஒவ்வொரு வளைவிலும் அந்த உரசலோடுதான் வாழ்கிறது.

உரசலுக்கு விலை உண்டு. அதை இன்ஜின் கொடுக்க வேண்டும்.

தென்னக ரயில்வேயின் விரைவு வண்டிகளை இழுக்கும் டபிள்யூஏபி-7 இன்ஜின் 123 டன். அது கிளம்பும்போது தரக்கூடிய அதிகபட்ச இழுவிசை சுமார் 33 டன் எடைக்குச் சமம். தன் எடையில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல். மோட்டாரை எவ்வளவு பெரிதாக்கினாலும் இதற்கு மேல் போவது கடினம், ஏனென்றால் எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் வழுக்கிவிடும். இந்த ஒட்டுப்பிடிப்பு ஒரு விகிதம். விகிதம் என்பதால் சுருக்கினாலும் பெரிதாக மாறாது. 450 கிராம் எடையுள்ள மாதிரி இன்ஜின், எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தால், 90 கிராம் இழுக்கும்.

மறுபக்கம் எதிர்ப்பைப் பாருங்கள். நிஜப் பெட்டிகள் சமதளத்தில் மெதுவாகப் போகும்போது ஒரு டன்னுக்கு 2 கிலோ அளவுக்குத்தான் தடுக்கும். 1,200 டன் வண்டிக்கு 2.4 டன். இன்ஜினிடம் இருப்பதோ 33. மிச்சமெல்லாம் வேகம் கூட்டவும் ஏற்றம் ஏறவும். மாதிரிப் பெட்டியின் தடையை அளக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது: தண்டவாளத் துண்டில் பெட்டியை வைத்து ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். ஒரு மீட்டர் நீளத்துக்கு எத்தனை சென்டிமீட்டர் தூக்கியபோது தானாக உருளத் தொடங்குகிறதோ, அத்தனை சதவீதம் அதன் தடை. 2 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 165 கிராம் பெட்டிகள் 24 சேர்ந்து 80 கிராம் அளவுக்குத் தடுக்கும். 90 கிராம் இழுக்கும் இன்ஜினுக்கு 80 கிராம் தடை! ஒரு வளைவு வந்தால் சக்கரம் இருந்த இடத்திலேயே சுழலும். 24 பெட்டி வண்டி நீளத்திலும் 6 மீட்டரைத் தாண்டும் என்பதால் வீட்டுப் பாதையில் எட்டுப் பெட்டியே அழகு. சிலர் ஓட்டுச்சக்கரத்தில் ரப்பர் வளையம் மாட்டுகிறார்கள். பிடிப்பு கூடும். ஆனால் ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அந்தச் சக்கரம் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் வேலையை இழக்கிறது.

வேகத்துக்கு வருவோம். மணிக்கு 110 கிலோமீட்டர் என்பது எச்ஓ அளவில் நொடிக்கு 35 சென்டிமீட்டர். ஒரு மீட்டர் தண்டவாளத்தைக் கடக்க கிட்டத்தட்ட மூன்று நொடி. ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தால் பெரும்பாலானவர்கள் தங்கள் ரயிலை இதைவிட மிக வேகமாக ஓட்டுவது தெரியவரும். நொடிக்கு ஒரு மீட்டர் என்றால் நிஜத்தில் மணிக்கு 313 கிலோமீட்டர். விக்கிரவாண்டியில் அப்படி எந்த வண்டியும் போகவில்லை.

சரியான வேகத்தில் ஓட்டினாலும் ஏதோ ஒன்று பொம்மைத்தனமாகவே இருக்கும். பாயின்ட்டைக் கடக்கும்போது நிஜப் பெட்டி நிதானமாகச் சாய்ந்து எழும். மாதிரிப் பெட்டி வெடவெடவென்று நடுங்கும். புவியீர்ப்பு சுருங்காததே காரணம். குட்டையான ஊசல் வேகமாக ஆடுவது போலவே, 87 மடங்கு சிறிய பெட்டி 87-இன் வர்க்கமூலமான 9.3 மடங்கு வேகமாக ஆடுகிறது. பழைய திரைப்படங்களில் மாதிரிப் பாலம் இடிவதையும் மாதிரிக் கப்பல் மூழ்குவதையும் அதிவேகக் கேமராவில் எடுத்து மெதுவாக்கிக் காட்டியது இதற்காகத்தான். கைப்பேசியில் நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் வசதி இருந்தால் மாதிரி ரயிலை எடுத்துப் பாருங்கள். அசைவு அப்படியே நிஜ ரயிலுடையதாக மாறிவிடும். ஆனால் வண்டி இப்போது ஊர்வதுபோல் தெரியும். ஓட்டம் சரியாகத் தெரிய வேண்டுமானால் நொடிக்கு 3.3 மீட்டரில் விரட்ட வேண்டும். 44 சென்டிமீட்டர் வளைவு அதை வெளியே தூக்கி எறிந்துவிடும். கண்ணுக்கான வேகம் ஒன்று, புவியீர்ப்புக்கான வேகம் இன்னொன்று. இரண்டையும் ஒரே ஓட்டத்தில் பெற வழியில்லை.

மின்சாரத்தில் மாதிரி ரயில் நிஜத்திலிருந்து முழுக்கப் பிரிகிறது. நிஜ வண்டிக்கு மின்சாரம் மேலே கம்பி வழியாக வந்து தண்டவாளம் வழியாகத் திரும்புகிறது. மாதிரியில் ஒரு தண்டவாளத்தில் வந்து மறு தண்டவாளத்தில் போகிறது. பழைய முறையில் 12 வோல்ட் வரை நேர்மின்சாரம்: வோல்டேஜைக் கூட்டினால் வேகம் கூடும், முனைகளை மாற்றினால் பின்னால் போகும். இதில் ஒரு குறை. ஒரே தண்டவாளத்தில் இரண்டு இன்ஜின் நின்றால் இரண்டும் ஓடும். பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச் வைப்பது ஒரு தீர்வு. அமெரிக்காவில் எம்ஐடி மாணவர்கள் 1946-இல் தொடங்கிய மாதிரி ரயில் சங்கம், டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் ரிலேக்களைக் கொண்டே இந்த வேலையைச் செய்தது. கணினியோடு விளையாடிப் பழகிய முதல் தலைமுறையில் பலர் அந்தச் சங்கத்திலிருந்து வந்தவர்கள்.

இன்றைய தீர்வு எண்முறைக் கட்டளை, சுருக்கமாக டிசிசி. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில்பாதைச் சங்கம் 1990-களில் பொதுத் தரமாக்கியது. விழுப்புரம் சந்திப்பில் நின்றவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து திசைக்குப் போகிறவர்களும் ஒரே ஒலிபெருக்கியைத்தான் கேட்கிறார்கள். வண்டி எண் சொன்னதும் அந்த வண்டிக்காரர்கள் மட்டும் பையைத் தூக்குகிறார்கள், மற்றவர்கள் அசைவதில்லை. டிசிசியில் தண்டவாளம் முழுவதும் எப்போதும் ஒரே மின்னழுத்தம் இருக்கிறது. ஆனால் அது நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறிக்கொண்டே இருக்கிறது. அந்த மாற்றத்தின் கால அளவில்தான் செய்தி ஒளிந்திருக்கிறது. ஒரு பக்கம் 58 மைக்ரோநொடி நின்று மாறினால் அது 1. நூறோ அதற்கு மேலோ நின்று மாறினால் 0. இப்படிக் கோத்த ஒரு கட்டளையில் முதலில் வண்டி எண், அடுத்து வேகமும் திசையும், கடைசியில் சரிபார்ப்பு எண் ஒன்று. இன்ஜினுக்குள் இருக்கும் டீகோடர் என்ற சிறு சுற்றுப்பலகை எல்லாக் கட்டளைகளையும் படிக்கிறது. தன் எண் வந்தால் மட்டும் கீழ்ப்படிகிறது. சரிபார்ப்பு எண் பொருந்தாவிட்டால் அந்தக் கட்டளையைத் தூக்கிப் போட்டுவிடும். ஒரு கட்டளைக்கு ஆகும் நேரம் ஏழெட்டு மில்லிநொடிக்குள் என்பதால், தூசியால் ஒன்று கெட்டாலும் அடுத்தது உடனே வந்துவிடும். புனே கோத்ரூடில் 1998 முதல் இயங்கும் ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகத்தில் ஒரு கற்பனை நகரமே ஓடுவதைப் பார்க்கிறவர்கள், பல வண்டிகளை ஒரே சமயத்தில் ஒழுங்காக ஓட்டுவது எவ்வளவு பெரிய வேலை என்பதை உணரலாம்.

டீகோடர் செய்யும் இன்னொரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. அது மோட்டாருக்கு மின்சாரத்தைத் தொடர்ச்சியாகக் கொடுக்காமல் துடிப்புத் துடிப்பாகக் கொடுக்கிறது. நடுவில் கண்ணிமைக்கும் நேரத்தில் பல முறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சுழன்றுகொண்டிருக்கும் மோட்டாரையே கேட்கிறது. சுழலும் மோட்டார் அந்தக் கணத்தில் ஜெனரேட்டர். எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ அவ்வளவு வோல்டேஜைத் திருப்பித் தரும். இதுதான் பின் மின்னியக்கு விசை. அதை அளந்து, ஏற்றத்தில் வேகம் குறைந்திருந்தால் துடிப்பை அகலமாக்குகிறது, இறக்கத்தில் குறுக்குகிறது. டபிள்யூஏபி-7 பிரேக் போடும்போது அதன் மோட்டார்கள் மின்சாரம் உண்டாக்கி மேலே கம்பிக்குத் திருப்பி அனுப்புவதும் இதே விளைவால்தான். 123 டன்னிலும் 450 கிராமிலும் மாறாமல் நிற்கும் சில விஷயங்களில் இது ஒன்று.

பழைய இன்ஜினுக்குள் டீகோடர் வைப்பதே பலருக்கு முதல் மாற்றியமைப்பு வேலை. கம்பிகளுக்கு நிற ஒழுங்கு உண்டு: சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்திலிருந்து வருபவை, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்குப் போகிறவை, வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் விளக்குகளுக்குப் பொது. சால்டரிங் அயர்னைத் தொடுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுக்க வேண்டும். ஒரு முனையை மோட்டார் பிரஷ்ஷிலும் மறுமுனையைச் சக்கரத்திலும் வைத்துப் பாருங்கள். பீப் ஒலி வந்தால் மோட்டாருக்கும் தண்டவாளத்துக்கும் நேர் இணைப்பு இன்னும் இருக்கிறது. பழைய இன்ஜின்களில் அடிச்சட்டமே ஒரு கம்பியாக வேலை செய்யும். அதைத் துண்டிக்காமல் டீகோடரைப் பொருத்தினால் முதல் நொடியிலேயே கருகும். எல்லாச் சக்கரங்களையும் இரு பிரஷ்ஷையும் மாற்றி மாற்றித் தொட்டு, எங்கும் பீப் வராத பிறகுதான் அடுத்த வேலை.

அழுக்கு தரும் தொல்லைக்கும் எடைதான் காரணம். நிஜ இன்ஜினின் ஒரு சக்கரம் 10 டன் கனத்தோடு தூசியை நசுக்கிக்கொண்டு போகிறது. மாதிரியில் 450 கிராமைப் பன்னிரண்டு சக்கரங்கள் பகிர்ந்தால் ஒன்றுக்கு 40 கிராம்கூட இல்லை. செம்பும் துத்தநாகமும் நிக்கலும் கலந்த தண்டவாளத்தின் மேல் ஒரு மெல்லிய கறை படிந்தாலே மின்சாரம் தடைபடும். கடலோரக் காற்றின் ஈரமும் செம்மண் தூசியும் சேரும் நம் பகுதியில் இது சீக்கிரம் படியும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் துணியை ஒரு மீட்டர் இழுத்துப் பார்த்தால் இரண்டு கறுப்புக் கோடுகள் விழும். துணி வெள்ளையாகவே வரும்வரை துடைக்க வேண்டும்.

வண்ணம் தீட்டுவதில் கண்ணின் இயற்பியல் வருகிறது. மூன்று மீட்டர் தள்ளி நின்று எச்ஓ பெட்டியைப் பார்ப்பது, கால் கிலோமீட்டருக்கு அப்பால் நிஜப் பெட்டியைப் பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்துக் காற்று நிறங்களைக் கொஞ்சம் வெளுக்க வைத்துவிடும். தொழிற்சாலை நிறத்தை அப்படியே பூசினால் மாதிரி அடர்த்தியாக, பிளாஸ்டிக்காகத் தெரியும். ஐசிஎஃப் பெட்டியின் நீலத்தில் சிறிது வெள்ளையைக் கலக்க வேண்டும். பளபளப்பையும் குறைக்க வேண்டும். சக்கரச் சட்டங்களுக்கு ஒரு பழுப்பு பூச வேண்டும். பிரேக் கட்டையின் இரும்புத்தூள் துருப்பிடித்த நிறம் அது. முண்டியம்பாக்கத்தில் நின்று ஒரு பாசஞ்சர் வண்டியின் அடிப்பாகத்தைக் கவனித்தால், சக்கரத்துக்கு அருகில் அடர்ந்தும் பெட்டியின் நடுவில் மங்கியும் அது படிந்திருப்பது தெரியும். எல்லா இடத்திலும் ஒரே சீராக அழுக்குப் பூசிய மாதிரி உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

அதே நடைமேடையில் தலையை நிமிர்த்தி மின்கம்பியையும் பாருங்கள். நேர்ப்பாதையிலும் அது நேராகப் போகாது. ஒரு கம்பத்தில் பாதையின் மையத்துக்கு இடப்பக்கம் 20 சென்டிமீட்டர், அடுத்த கம்பத்தில் வலப்பக்கம் 20 சென்டிமீட்டர் என்று கோணல்மாணலாகக் கட்டியிருப்பார்கள். இன்ஜின் கூரையிலிருந்து கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் பான்டோகிராஃபின் மேலுள்ள கார்பன் பட்டை ஒரே இடத்தில் தேய்ந்து பள்ளம் விழாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. மாதிரியில் இந்தக் கோணல் 2.3 மில்லிமீட்டர். கம்பியின் தடிமன் கணக்குப்படி 0.14 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். அவ்வளவு மெல்லிதாக இழுத்தால் கை பட்டதும் அறும் என்பதால் 0.4, 0.5 மில்லிமீட்டர் கம்பியைப் போட்டுச் சாம்பல் நிறம் பூசிவிடுவார்கள். பெரும்பாலான வீட்டுப் பாதைகளில் அந்தக் கம்பியில் மின்சாரமே ஓடாது. பான்டோகிராஃபும் அதைத் தொடாமல் ஒரு மயிரிழை கீழே நிற்கும். இருந்தாலும் கம்பங்களை நடும்போது அந்த 2.3 மில்லிமீட்டரை இடமும் வலமும் மாற்றி மாற்றி அளந்து வைத்துவிடுங்கள். கம்பியை நேராக இழுத்துவிட்டால், தினமும் அந்தத் தடத்தில் போய்வருகிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், இது விழுப்புரம் பாதை இல்லை என்று மட்டும் தெரிந்துவிடும்.